14 நாளும் ஒரு பில் புத்தகமும்

லிங்கிச்செட்டித் தெருவில் ஜூனியர் வக்கீலாக இருந்தபோது வந்த வேலை. பெரியமேட்டில் தோல் வாங்கி, புளியந்தோப்பில் கைப்பை தைக்கும் பாய் ஒருவர், ஜெர்மனிக்கு இணையம் வழியே நேரடியாக விற்கத் தொடங்கியிருந்தார். "அவங்க நுகர்வோர் சட்டத்தையும் நம்ம சட்டத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒரு டேபிள் போடும்மா" என்றார் சீனியர்.

ஐரோப்பிய ஒன்றியம் தன் உறுப்பு நாடுகளுக்கு இடும் உத்தரவான 'டைரக்டிவ்' தானாகச் சட்டமாகிவிடாது. ஒவ்வொரு நாடும் அதைத் தன் சட்டத்துக்குள் எழுதிக்கொள்ள வேண்டும். 2011இல் வந்த நுகர்வோர் உரிமை டைரக்டிவுக்குக் கெடு 2013 டிசம்பர். ஜெர்மனி தன் சிவில் சட்டத்திலேயே சேர்த்துக்கொண்டது. இணையத்தில் வாங்கியவர் காரணம் சொல்லாமலே 14 நாளுக்குள் பொருளைத் திருப்பித் தந்து விலகிக்கொள்ளலாம். இந்த உரிமையை விற்பவர் சொல்லாமல் விட்டால் இன்னும் 12 மாதம் கூடும். ஆர்டருக்கேற்பப் பெயர் பொறித்துத் தைத்த பைக்கு மட்டும் இது கிடையாது.

நம் பக்கம்? நுகர்வோர் பாதுகாப்புக்கான ஐ.நா. வழிகாட்டு நெறிகள் 1985இல் வந்தன, அடுத்த ஆண்டே நமக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆனால் அந்த நெறிகளுக்குக் கெடுவும் இல்லை, கட்டாயமும் இல்லை. அதற்குப் பதிலாக வந்த 2019 சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன நாளுக்குள், சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். பிடிக்கவில்லை என்று திருப்பித் தர? டேபிளில் அந்தக் கட்டத்துக்குள் 'இல்லை' என்று எழுதினேன். மனசு ஆறவில்லை. காசிமேட்டில் போனில் படம் பார்த்து வாங்குகிற பெண்ணும் பொருளைத் தொட்டுப் பார்க்காமல்தானே வாங்குகிறாள்?

டேபிளோடு பட்டறைக்குப் போனேன். மேசையில் உள்ளூர் பில் புத்தகம். அடியில், 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது.'

"பாய், ஜிப் பிஞ்சு வந்தாலும் இதத்தான் காட்டுவீங்களா?"

"எல்லாக் கடையிலயும் அப்படித்தானேம்மா அடிக்கிறாங்க."

30 நாள் கணக்கைச் சொன்னேன். கடையில் பார்த்து வாங்கினால் ஜெர்மனியிலும் 14 நாள் உரிமை கிடையாது, பார்க்காமல் வாங்குவோருக்குத்தான் என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு ஊருக்கும் இதே மெஷின்லதாம்மா தைக்கிறேன். அந்த வரிய எடுத்துட்டு வேற எழுதிக் குடு."

'குறை இருந்தால் 30 நாளுக்குள் கொண்டு வாருங்கள். பணம் திருப்பித் தரப்படும்' என்று எழுதினேன். வாங்கிப் படித்தவர், "வாட்ஸ்அப்புல வாங்குறவங்களுக்கு, புடிக்கலைன்னாலும் 7 நாள்னு சேத்துக்கம்மா. 14 எனக்குத் தாங்காது" என்றார்.