இருபத்தேழாவது அவுட்

டேட்டா என்ட்ரி வேலையில் இருந்தபோது இரண்டு வருஷம் எனக்கு முழுக்க அமெரிக்காவின் பழைய பேஸ்பால் ஆட்டங்கள்தான். நூறு வருஷத்துக்கு முந்தைய செய்தித்தாள் ஸ்கேன் வரும். அதில் பொடி எழுத்தில் இருக்கும் ஸ்கோர் கட்டத்தைப் பார்த்து எண்களைத் தட்ட வேண்டும். மை பரவிய தாளில் 3 எது, 8 எது என்றே தெரியாது. அதற்கு ஒரு வழி உண்டு. எதிரணியில் யார் யார் எத்தனை பேரை அவுட்டாக்கினார்கள் என்ற பத்தியைக் கூட்டினால், ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் இன்னிங்ஸுக்கு மூன்று அவுட் வீதம் 27 வரும். இரண்டாவதாக பேட் செய்கிற அணி முன்னிலையில் இருந்து கடைசி இன்னிங்ஸை ஆடவே இல்லை என்றாலோ, அந்த இன்னிங்ஸின் நடுவில் வெற்றி ஓட்டம் வந்துவிட்டாலோ அது குறையும்.

அந்த 26-க்கும் 27-க்கும் நடுவில் ஒரு பையனின் வாழ்க்கையே மாட்டிக்கொண்ட ஆட்டம் ஒன்று இருக்கிறது. 1908 செப்டம்பர் 23, நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ். ஜயன்ட்ஸுக்கும் சிகாகோ கப்ஸுக்கும் 1-1. ஒன்பதாவது இன்னிங்ஸ், ஜயன்ட்ஸ் பேட்டிங், இரண்டு பேர் அவுட். பேஸ் என்பது ஓட்டம் எடுக்க வரிசையாகத் தொட்டுக்கொண்டு ஓட வேண்டிய இடம். மூன்றாவது பேஸில் மெக்கார்மிக், முதல் பேஸில் பிரெட் மெர்க்கிள். மெர்க்கிளுக்கு வயது 19. வழக்கமாக ஆடுகிற டென்னிக்கு இடுப்பு வலி என்பதால் இறங்கியவர். பிரிட்வெல் அடித்தார், மெக்கார்மிக் ஓடி வந்தார், 2-1. கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்தது. மெர்க்கிள் இரண்டாவது பேஸைத் தொடாமல் உடைமாற்றும் அறைப் பக்கம் திரும்பிவிட்டார்.

அடித்தவர் முதல் பேஸுக்கு வருவதால், அங்கே நின்றவர் இரண்டாவதுக்குப் போய்த் தொட்டாக வேண்டும் என்பது விதி. அதற்குள் எதிரணி பந்தோடு அந்தப் பேஸை மிதித்தால் மூன்றாவது அவுட், வந்த ஓட்டமும் செல்லாது. ஆனால் அந்தக் காலத்தில் ஆட்டம் முடிந்தது என்று தெரிந்ததும் எல்லோரும் அப்படித்தான் ஓடினார்கள். 19 நாள் முன்பு பிட்ஸ்பர்க்கில் கப்ஸுக்கு எதிரான ஆட்டத்தில் வாரன் கில் என்பவரும் இதையே செய்தார். கப்ஸின் எவர்ஸ் அன்றே முறையிட்டார். நடுவர் ஹாங்க் ஓடே கவனிக்கவில்லை, ஓட்டம் நின்றது, லீக் தலைவர் புல்லியமும் முறையீட்டைத் தள்ளிவிட்டார். இந்த முறையும் அதே எவர்ஸ், அதே ஓடே. எவர்ஸ் எங்கிருந்தோ ஒரு பந்தை வாங்கி மிதித்தார். அது உண்மையில் பிரிட்வெல் அடித்த பந்துதானா என்ற சர்ச்சை இன்னும் ஓயவில்லை. மெர்க்கிள் அவுட் என்றார் ஓடே. ஆட்டம் சமன்.

சீசன் முடிவில் இரண்டு அணிகளும் சரிசமமாக நின்றன. அக்டோபர் 8-ல் மறு ஆட்டம், கப்ஸ் 4-2 என்று ஜெயித்தது. பத்திரிகைகள் மெர்க்கிளுக்கு மண்டு என்று பட்டம் கட்டின, சாகிறவரை அது போகவில்லை. ஜயன்ட்ஸ் மேனேஜர் மெக்ரா மட்டும் அவரைக் குறை சொல்லவே இல்லை. அணியில் வைத்துக்கொண்டார், சம்பளமும் கூட்டினார்.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் ஆபீஸிலும் பத்தியைக் கூட்டிப் பார்த்த பிறகுதான் ‘சரிபார்த்தது’ என்று டிக் போட வேண்டும். அவசர நாட்களில் யாரும் கூட்ட மாட்டோம், நேராக டிக்தான். புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவனுக்கு அதைக் காட்டிக் கொடுத்தவன் நான்தான். ஒரு நாள் தணிக்கையில் அவன் பக்கங்கள் மாட்டின. மீட்டிங்கில் அவனை எழுப்பி நிறுத்திக் கேட்டார்கள். அவன் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. “தப்புதான் சார், இனிமே பாத்துக்கறேன்” என்றான். பத்துப் பேர் இருந்தோம், நானும் வாயைத் திறக்கவில்லை.

மூன்று வாரத்தில் வேலையை விட்டுவிட்டான்.

மெர்க்கிள் கதையைப் படித்த மறுநாள் டீம் லீடரிடம் போய், அப்படிச் செய்யச் சொன்னது நான் என்றேன். “அது முடிஞ்சு போச்சேப்பா” என்றார். அப்புறம் தம்பிக்குப் போன் செய்தேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். “அன்னிக்கே சொல்லிருக்கலாமேண்ணா” என்றான்.