நில் என்றால் நிற்க வேண்டும்

சொல்வதைக் கேட்டு ஓடும் ஒரு குட்டி ரோபோவை ராஸ்பெரி பை 4 என்ற சின்னக் கணினிப் பலகையில் செய்து முடித்தேன். ஓட வைப்பது பெரிய வேலையே இல்லை. நிற்க வைப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

உடம்பு வழக்கமானதுதான். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கேட்டவுடன் எடுத்து நீட்டும் அக்ரிலிக் சேசிஸ், பேட்டரியில் ஓடும் மஞ்சள் நிற பிஓ மோட்டார் இரண்டு, அவற்றை இயக்கும் எல்298என் டிரைவர் போர்டு, எப்பக்கமும் திரும்பும் ஒரு காஸ்டர் சக்கரம். மோட்டாருக்கு இரண்டு 18650 லித்தியம் செல்கள், 7.4 வோல்ட். எல்298என் அதில் ஏறக்குறைய 2 வோல்ட்டை விழுங்கிவிடும். இதற்காக அதைத் திட்டாதவர்கள் குறைவு; 6 வோல்ட் மோட்டாருக்கு அதுவே எனக்கு வசதியாகப் போயிற்று. ராஸ்பெரி பைக்குத் தனியாக ஒரு பவர் பேங்க். இரண்டின் கிரவுண்டையும் (மைனஸ் முனை) கட்டாயம் சேர்த்துவிட வேண்டும்.

ராஸ்பெரி பையில் இருக்கும் ஆடியோ துளை ஒலியை வெளியே விடுவதற்கு மட்டும்தான். அதனால் யுஎஸ்பி மைக். பேச்சைப் புரிந்துகொள்ள வாஸ்க் என்ற மென்பொருள். இன்டர்நெட் வேண்டாம், இந்திய ஆங்கிலத்துக்கான சின்ன மாடல் 40 எம்பிகூட இல்லை. கோ, பேக், லெஃப்ட், ரைட், ஸ்டாப் என்று ஐந்தே சொற்களை மட்டும் பட்டியலாகக் கொடுத்தால் நன்றாகவே பிடித்துக்கொள்கிறது. கூடவே 'தெரியாத சொல்' என்பதற்கான குறியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது இல்லையென்றால் டிவியில் செய்தி வாசிப்பவர் பேச்சிலிருந்தும் ஒரு 'கோ'வைக் கண்டுபிடித்துக் கிளம்பிவிடும்.

சரி, 'கோ' என்றதும் ஓடியது. 'ஸ்டாப்' என்று என் மகள் கத்திக்கொண்டே பின்னால் ஓடினாள். "அப்பா, இதுக்குக் காது கேக்கல!" சுவரில் முட்டி நின்றது.

காது கேட்கத்தான் செய்கிறது, ஆனால் தன் இரைச்சலைத்தான் கேட்கிறது. அந்த மஞ்சள் மோட்டாரின் பிளாஸ்டிக் பல்சக்கரங்கள் மைக்குக்குக் கீழேயே கரகரவென்று சுற்றுகின்றன. பேசி முடித்துச் சற்று அமைதியானால்தான் வாஸ்க் இறுதி முடிவைத் தரும். மோட்டார் ஓடும்வரை அந்த அமைதி வருவதே இல்லை. இதற்குள் வண்டி எவ்வளவு போகும்? 65 மில்லிமீட்டர் சக்கரம், நிமிடத்துக்கு 200 சுற்று என்று வைத்துக்கொண்டால் நொடிக்கு 68 சென்டிமீட்டர். எங்கள் ஹாலுக்கு அது ரொம்ப அதிகம்.

முதலில் மைக்கை ஒரு குச்சியின் உச்சியில் ஏற்றி, அடியில் ஸ்பாஞ்ச் வைத்தேன். மோட்டார் முனைகளுக்குக் குறுக்கே 104 செராமிக் கெபாசிட்டர் பற்றவைத்தேன். பிரஷ் கிளப்பும் மின் இரைச்சல் அதில் அடங்கும், பல்சக்கரச் சத்தத்துக்கு அது மருந்தில்லை. அப்புறம், இறுதி முடிவுக்காகக் காத்திருக்காமல், பேசப் பேச வாஸ்க் தரும் அரைகுறை முடிவிலேயே 'ஸ்டாப்' தென்பட்டால் உடனே மோட்டாரை நிறுத்தும்படி புரோகிராமை மாற்றினேன்.

இவற்றையெல்லாம்விட உதவியது வேறொன்று. 'கோ' என்றால் அரை நொடி ஓடிவிட்டுத் தானாகவே நின்று காது கொடுக்கும். வேறு ஒன்றும் கேட்கவில்லை என்றால் மறுபடி அரை நொடி. மைக் கழன்றாலும் பேச்சைக் கேட்கும் பகுதி தொங்கினாலும் வண்டி நிற்க வேண்டும் என்பதற்காக, நேரக் கணக்கைத் தனி த்ரெட்டில், அதாவது புரோகிராமுக்குள் தனியாக ஓடும் ஒரு பகுதியில், போட்டிருக்கிறேன். வெட்டி வெட்டித்தான் போகிறது, பார்க்க அழகில்லை. மகளுக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

'லெஃப்ட்' மட்டும் இன்னும் தகராறு. டைல்ஸில் ஒரு கோணம், கால்மிதியில் வேறு கோணம். சக்கரம் எவ்வளவு சுற்றியது என்று எண்ணும் என்கோடர் வாங்கியிருக்கிறேன், இன்னும் மாட்டவில்லை.