நெல் வரும் மாதத்தை வைத்துப் போட்ட திட்டம்

தம்பலகாமத்துப் பக்கம் ஒரு புழுங்கல் அரிசி ஆலையில் மேற்பார்வை பார்க்கிறேன். போயிலருக்கு எரிப்பது உமிதான். 1,000 கிலோ நெல்லில் ஏறத்தாழ 200 கிலோ உமி வரும். அதை எரித்தால் 40 கிலோவுக்குக் கிட்டச் சாம்பல். கச்சான் காற்று வீசும் காலத்தில் அதில் ஒரு பங்கு அயல் வீடுகளுக்குப் போய்விடும். “தம்பி, உடுப்புக் காயப்போடவும் ஏலாமக் கிடக்கு. சின்னவனுக்குத் தொய்வு வேற” என்று வேலிக்கு அந்தப் பக்கத்து அக்கா சொன்னார். அவர் வீட்டு ஜன்னல் கட்டையைத் தொட்டால் விரல் கறுத்துவிடும்.

சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப் போனபோது, 2019 ஆம் ஆண்டு உமிழ்வு ஒழுங்குவிதிகளின் வரம்புக்குள் புகையைக் கொண்டுவர மாதவாரியாகத் திட்டம் கேட்டார்கள். ‘ஆறு மாதம்’ என்று ஒரு வரியில் எழுதிக் கொடுப்போம் என்றார் முதலாளி. எனக்கு அதில் உடன்பாடில்லை. பொருத்து வேலைக்கு போயிலர் அணைந்திருக்க வேண்டும். புகையை அளக்கவோ அது முழு வேகத்தில் ஓட வேண்டும். ஆறு மாதம் எங்கே முடிகிறது என்று பார்த்தால் ஆலையில் நெல்லே இருக்காது.

அதனால் கடைசியிலிருந்து பின்னோக்கி எழுதினேன். பெரும்போக நெல் மாசி, பங்குனியில் வரும், அளவீடு அப்போது. பொருத்து வேலை அதற்கு முன் மார்கழி, தையில். அது மழைக்காலம், ஆகவே சைக்ளோனுக்கும் (புகையைச் சுழற்றித் துகளைப் பிரிக்கும் கருவி) புகைபோக்கிக்கும் அத்திவாரம் ஐப்பசிக்கு முன்பே போட்டாக வேண்டும். பட்டறையில் ஓடர் கொடுப்பது அதற்கும் முதல். அளப்பவர்கள் ஏறி நிற்க மேடையும், குழாய் வளைவிலிருந்து விட்டத்தின் 8 மடங்கு தள்ளித் துவாரமும் வரைபடத்திலேயே இருக்க வேண்டும். பிறகு வெட்டினால் இரட்டைச் செலவு.

சைக்ளோன் பெரிய துகளைத்தான் பிடிக்கும். நெஞ்சுக்குள் இறங்கும் நுண்துகளுக்கு நீர் தெளித்துக் கழுவும் அமைப்பும், கழுவிய தண்ணீர் தெளியத் தொட்டியும் சேர்த்தோம். அப்புறம், வேலை முடியும்வரை சனம் புகையைக் குடிக்க முடியாதே? உமியை நனையாமல் மூடி வைப்பது, சாம்பலை ஈரமாக்கி அள்ளுவது இரண்டையும் முதல் வாரத்திலேயே தொடங்குவதாக எழுதினேன். காசு அதிகமில்லை, கறுப்புப் புகை கண்ணுக்குத் தெரியக் குறைந்தது.

திட்டத்தின் பிரதி ஒன்றை அக்காவிடமும் கொடுத்தேன். அத்திவாரம் பிந்தியபோது முதலில் வந்து கேட்டவர் அவர்தான். அந்தக் கேள்வியோடுதான் முதலாளி மேசனை அனுப்பினார். பங்குனியில் அளந்தார்கள், வரம்புக்குள் வந்தது. சிறுபோகத்துக்கு முன் தொட்டிச் சேற்றை அள்ள வேண்டும். அந்தத் திகதியையும் எழுதி வாசலில் ஒட்டியிருக்கிறேன்.