ராத்திரி 10 முதல் 2 வரை

நவம்பர் 13, 2023

தீபாவளிப் புகை இன்னும் போகவில்லை. ஜன்னலைத் திறக்காமலே செவ்வந்தித் தாய்ச்செடி நாலிலிருந்தும் கன்று போட 24 நுனி எடுத்தேன். 1-ம் செடியில் 3, 2-ல் 7, 3-ல் 8, 4-ல் 6. விரல்நீளம், கீழிலை இரண்டைக் கிள்ளி, வேர்ப் பவுடரில் தொட்டு, குழித்தட்டில் ஊன்றி, மேலே பிளாஸ்டிக் மூடி. 1-ல் மூன்றுக்கு மேல் தேறவில்லை. போன தடவை ஐந்து.

நவம்பர் 16

அத்தை கேட்கிறார், "நடு ராத்திரி அந்த ரூம்ல யாருக்கு லைட்டு எரியுது?" செடிக்கு என்றேன். "செடிக்குத் தூக்கம் வேணாமா?"

வேண்டாம் என்பதுதான் விஷயம். செவ்வந்தி வெளிச்சத்தை எண்ணுவதில்லை, இருட்டை எண்ணுகிறது. ராத்திரி நீளமாக இருந்தால் மொட்டு வைக்கும். மொட்டு வைத்த செடியில் நுனி எடுத்தால் சரியாக வேர் பிடிக்காது, பிடித்தாலும் வளராமல் அந்தக் குட்டையிலேயே பூத்துத் தொலைக்கும். தாய்ச்செடி பூக்கவே கூடாது. நம் ஊரில் மே, ஜூனில்கூடப் பகல் 13 மணி நேரத்தைத் தொடுவதில்லை, இப்போது பதினொன்றரைதான். அதனால் ராத்திரி 10 முதல் 2 வரை ஒரு 9 வாட் பல்பு. ஒரு நீள இருட்டை இரண்டு குட்டை இருட்டாக வெட்டுகிறேன், அவ்வளவுதான்.

அத்தை, "பாவம்" என்றார். செடியையா என்னையா, தெரியவில்லை.

நவம்பர் 19

அண்ணன் போன் பண்ணவில்லை.

நவம்பர் 22

ஸ்கேல் வைத்து அளந்தேன். முன்பு நாலையும் ஒரே நாளில்தான் வெட்டிவிட்டிருந்தேன். 2, 3, 4-ல் புதுத் தளிர் பதினாறு, பதினேழு சென்டிமீட்டர். 1-ல் பதினொன்று. இலையும் சிறிசு, கொஞ்சம் வெளிறிய மாதிரி. மாதிரிதான். ட்யூப் லைட்டில் பார்த்தால் வெளிறித் தெரிகிறது, ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தால் இல்லை.

வயசாக இருக்கலாம். தொழிலாகச் செய்கிறவர்கள் சில மாதத்துக்கு ஒருமுறை தாய்ச்செடியை மாற்றிவிடுவார்கள். 1 நாலு வருஷமாக நிற்கிறது, தண்டு சுள்ளி மாதிரி ஆகிவிட்டது. 2, 3, 4 மூன்றும் இதன் நுனிகள்தான். இதுதான் தூத்துக்குடிப் பக்கம் எங்கள் ஊர் ஏரலிலிருந்து ஈரச்சாக்கில் சுற்றி பஸ்ஸில் மடியில் வைத்து வந்தது.

வயசு இல்லையென்றால் குட்டை நோய். அதைக் கொண்டுவருவது வைரஸ்கூட இல்லை, வைராய்டு. புரத உறைகூடக் கிடையாது, 350 சொச்சம் எழுத்து உள்ள வெறும் ஆர்.என்.ஏ. வளையம். மருந்து இல்லை. பரவுவது பிளேடு வழியாக. போன வருஷம் பொங்கலுக்குக் கடையில் வாங்கிய ஊதாப்பூத் தொட்டியை இதே பிளேடால்தான் வெட்டினேன். துடைத்தேன், ஆனால் ஸ்பிரிட்டால். ஸ்பிரிட் இதற்குப் போதாதாம், ப்ளீச் கரைசலில் முக்க வேண்டுமாம். அந்தப் பிளேடால் 1-ஐ வெட்டினேன், பிறகு 2, 3, 4. பதினைந்து நாளைக்கு ஒருதரம் 24 கன்று என்று நர்சரித் தம்பிக்குக் கொடுத்தது எத்தனை? கணக்குப் போட ஆரம்பித்து நிறுத்திவிட்டேன். அறிகுறியே காட்டாமல் சுமந்துகொண்டிருக்கும் செடியும் உண்டு. அப்படியானால் 3 செழிப்பாக இருப்பதற்கு ஒரு அர்த்தமும் இல்லை.

நவம்பர் 26

கார்த்திகை. வாசலில் 21 அகல். அத்தை ஒன்றைக் கொண்டுபோய்ச் செடி ரூமில் வைத்துவிட்டார், "அதுக்கும் இருக்கட்டும்."

நவம்பர் 29

தட்டைத் தூக்கிப் பார்த்தேன், அடித்துளையில் வெள்ளை வேர். 24-ல் 23 பிடித்திருக்கிறது. பிடிக்காத ஒன்று 1-ன் நுனி.

தம்பி வந்து வாங்கிப்போனான். "உங்க சாமந்தி மட்டும் எப்படிக்கா இப்படி நிக்குது?" இருபது வருஷமாகியும் இந்த ஊரில் செவ்வந்தி என்று யாரையும் சொல்லவைக்க முடியவில்லை. சொல்ல வேண்டியதையும் சொல்லவில்லை.

டிசம்பர் 2

வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை ஏற்றி நிறுத்த ஆரம்பித்துவிட்டார்கள். மழையை இனி எவரும் அறிவிக்க வேண்டாம். அண்ணன் மெசேஜ்: 20-ம் தேதி ஊர் வீட்டுப் பத்திரப் பதிவு. நான் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

டிசம்பர் 4

விடியற்காலையில் கரண்ட் போனது. தெருவில் முட்டளவு, மதியம் இடுப்பளவு. இன்வெர்ட்டர் சாயங்காலத்தோடு முடிந்தது.

எமர்ஜென்சி விளக்கு ஒன்று இருக்கிறது. நாலு மணி நேரம் தொடர்ந்து எரிய வேண்டியதில்லை, அரைமணிக்குப் பத்து நிமிஷம் காட்டினாலே செடி ஏமாறும். 10-க்கு ஆரம்பித்தேன். போட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்வது, அணைத்துவிட்டு இருட்டில் மழையைக் கேட்பது. எட்டுத் தடவை. கீழே ஏதோ ஒரு கார் ஹாரன் தானாக அடித்துக்கொண்டே இருந்தது, ஒரு மணிவாக்கில் தண்ணீருக்குள்ளிருந்து கத்துகிற மாதிரி ஆகி, நின்றது.

டிசம்பர் 5

விளக்கு ஐந்தாவது தடவையில் மங்கிவிட்டது. மிச்சத்துக்குப் போன் டார்ச். இவர் வந்து நின்றார். "போன்ல 14 பர்சன்ட் இருக்கு. அம்மாவுக்கு மூச்சு வாங்கினா எதுல கூப்பிடறது?"

அணைத்துவிட்டேன்.

டிசம்பர் 6

இருட்டு. பாலும் இல்லை.

டிசம்பர் 7

இருட்டு. அத்தை நன்றாகத் தூங்குகிறார். செடிகளும்.

டிசம்பர் 8

மதியம் 3.40-க்குக் கரண்ட் வந்தது. நாலு ராத்திரியில் ஒன்றரைதான் வெட்ட முடிந்தது. பாதகம் நடந்திருந்தால் தெரிய இரண்டு வாரமாகும்.

டிசம்பர் 10

1-ஐத் தூக்கி எறிந்தேன். தொட்டி மண்ணோடு. தெருமுனையில் நனைந்த மெத்தை, பாடப்புத்தகம், ஒரு பிரிட்ஜ் எல்லாம் குவிந்திருந்தது, அதன்மேல். பிளேடை ப்ளீச்சில் போட்டேன். கை இன்னும் நாறுகிறது.

டிசம்பர் 12

தம்பி போன். "எல்லாம் போச்சுக்கா. ஷெட்ல கழுத்தளவு தண்ணி. உங்க கன்னு ஒண்ணுகூட இல்ல." ஐயோ என்றேன்.

நிம்மதியாக இருந்தது. எனக்கு இப்படி இருந்தது என்பதை எழுதி வைக்கிறேன்.

டிசம்பர் 15

2-ல் அசுவினி. வேப்பெண்ணெய்.

டிசம்பர் 18

காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை என்கிறார்கள். தவறாகப் படித்தேனோ என்று மறுபடி படித்தேன். ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நிற்கிறது, உள்ளே ஆட்கள். ஏரலைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

அண்ணன் நம்பர் அடிக்கவே மாட்டேன் என்கிறது.

டிசம்பர் 19

ஏரல் பாலம் போய்விட்டது. 41 தடவை போட்டிருக்கிறேன், போன் எண்ணி வைத்திருக்கிறது. மதினி நம்பரும் அப்படியே. எதிர்வீட்டு டீச்சர் நம்பர் டைரியில் இருந்தது, பழைய ஆறிலக்க நம்பர்.

1-ஐ எறிந்திருக்கக் கூடாது.

டிசம்பர் 20

பதிவு நாள்.

3-ன் நுனியில் மொட்டு. மிளகில் பாதி. அதற்குக் கீழே இலை வெட்டு விழாமல் நாடா மாதிரி நீண்டிருக்கிறது. இருட்டில் ஆரம்பித்து, வெளிச்சம் வந்ததும் பாதியில் நின்றுபோன மொட்டு இப்படித்தான் இருக்கும், ஒழுங்காக விரியாது. 2-ல் நாலு, 4-ல் எல்லாக் கிளையிலும். கத்தரிக்கோலை எடுத்தேன், வைத்தேன். கரைசலில் முக்கினேனா என்று நினைவில்லை. மறுபடி முக்கினேன்.

டிசம்பர் 21

ராத்திரி 9.50. தெரியாத நம்பர்.

"ஏட்டி, நான்தான். பயப்படாத. மாடியில இருந்தோம், எல்லாரும் இருக்கோம்." படகில் வந்தவர்கள் ரொட்டியும் தண்ணீரும் கொடுத்தார்களாம். கீழே பீரோ மல்லாக்க மிதந்ததாம். "பத்திரம் மட்டும் மேல இருந்துச்சு பாத்துக்க" என்று சிரித்தான், சிரித்தபடி இருமினான். புறவாசல் பற்றி நான் கேட்கவில்லை. அவனாகவே சொன்னான், "பின்னால அம்புட்டும் சேறு. கிணத்து விளிம்பு தெரியல." கிணற்றை ஒட்டித்தான் 1 வந்த பாத்தி.

பேசிக்கொண்டிருக்கும்போதே செடி ரூமில் டைமர் 'டிக்' என்றது. "என்னட்டி சத்தம்?" என்றான். ஒன்றுமில்லை என்றேன்.

டிசம்பர் 22

மூன்றையும் பாதிக்கு வெட்டினேன். மொட்டு வைத்த கிளை ஒன்றுகூட மிச்சமில்லை. ஒரு செடிக்கு ஒரு பிளேடு. வெட்டியதைத் தாளில் பொதிந்து கட்டினேன். வாசனை மட்டும் ரூமைவிட்டுப் போகவில்லை, அம்மா தலைக்குக் கட்டுகிற மரிக்கொழுந்தும் இதுவும் கலந்த வாசனை. இவர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமே இல்லையே" என்றார்.

டிசம்பர் 23

வைகுண்ட ஏகாதசி. அத்தை நாலு மணிக்கே எழுந்து கோயிலுக்குக் கிளம்பிவிட்டார். 2-ஐ அளக்கவில்லை.

டிசம்பர் 25

3-ன் ஓரத்தில், தண்டை ஒட்டி இல்லாமல் தொட்டி விளிம்பருகே, மண்ணைத் தள்ளிக்கொண்டு ஒரு அடிக்கன்று. முக்கால் இஞ்ச். கீழிருந்து வருவது ஒழுங்காக வளரும். நாலு இலை விடட்டும்.

அண்ணன் வெள்ளிக்கிழமை வருகிறானாம், தனியாக. எந்த ரயில் ஓடுகிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.