பட்டனைக் காணோம்

நேற்றைய மீட்டிங்குக்குப் பிறகு, ஃபிக்மா (பலர் ஒரே கோப்பில் சேர்ந்து ஸ்க்ரீன்களை வடிவமைக்கும் மென்பொருள்) திறந்திருக்கும்போது எங்கள் குழுவில் யாரும் எண் விசைகள் பக்கம் போவதில்லை. ஒரு தேதி அடிக்கவேண்டும் என்றால்கூட, எதையாவது செலக்ட் செய்து வைத்திருக்கிறோமா என்று ஒருமுறைக்கு இருமுறை பார்த்துவிட்டுத்தான் விரலை வைக்கிறார்கள். எல்லாம் கிளையன்ட் தரப்புப் பெரியவரின் கைங்கரியம்.

பெரியவர் நல்லவர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அம்மா கோபித்துக்கொள்வாள். ஆரம்பத்தில் அவருக்குப் 'பார்க்க மட்டும்' அனுமதிதான் கொடுத்திருந்தோம். "பார்க்க மட்டும்னா என்ன அர்த்தம், நாங்க வேடிக்கை பார்க்கவா வந்திருக்கோம்?" என்று அவர் ஒரு நாள் கேட்க, எங்கள் மேனேஜர் பதறிப்போய் எடிட் அனுமதியைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். மெயின் காம்பொனென்ட்களை (இதை மாற்றினால் இதன் நகல்கள் எல்லாம் மாறும்) தனி லைப்ரரிக் கோப்பில் வைப்போம், அங்கே மாற்றிப் பப்ளிஷ் செய்து, இங்கே நாம் ஏற்றுக்கொண்டால் மட்டும் மாற்றம் வரட்டும் என்று நான் கரடியாகக் கத்தினேன். "அதை அடுத்த கட்டத்துல பார்த்துக்கலாம்" என்றார். எங்கள் ஆபீஸில் அடுத்த கட்டம் என்பது அடுத்த பிறவிக்கும் அதற்கடுத்த பிறவிக்கும் நடுவில் எங்கோ வரும்.

மேனேஜரைப் பற்றியும் சொல்லவேண்டும். ஃபிக்மாக்காரர்கள் புது வசதிகளை அறிவிக்கும் கான்ஃபிக் மாநாடு முடிந்த மறுநாள் அவரைப் பார்க்கவே பயமாக இருக்கும். 2023-ல் வேரியபிள்ஸும் (நிறம் போன்றவற்றுக்குப் பெயர் வைத்து எல்லா இடத்திலும் பயன்படுத்தும் வசதி) டெவலப்பர்களுக்கான டெவ் மோடும் வந்தன; அன்றே எல்லா நிறங்களையும் வேரியபிளாக மாற்றச் சொன்னார். 2024-ல் டூல்பார் மேலிருந்து கீழே இறங்கியது. மனிதர் ஒரு வாரம் மேலேயே தேடிக்கொண்டிருந்துவிட்டு, பிறகு எங்களுக்கெல்லாம் 'புதிய இடைமுகம்: அறிமுகம்' என்று வகுப்பு எடுத்தார். 2025-ல் மேக், சைட்ஸ், டிரா, பஸ் என்று நான்கு புதிய கருவிகளை ஒரே மூச்சில் அறிவித்தார்கள். நான்கையும் இந்த ப்ராஜெக்டிலேயே பயன்படுத்தமுடியுமா என்று கேட்டார். இந்த ப்ராஜெக்ட் ஒரு படிவம். பெயர், முகவரி, ஒரு பட்டன். அவ்வளவுதான்! 2022 செப்டம்பரில் அடோபி நிறுவனம் ஃபிக்மாவை 2,000 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக அறிவித்தபோது எங்களைக் கூட்டிவைத்துக் கவலைப்பட்டார். 2023 டிசம்பரில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டபோது மறுபடி கூட்டிவைத்து, வேறு விதமாகக் கவலைப்பட்டார். நடுவில் எங்களுக்கு வரவேண்டிய சம்பள உயர்வு பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

இந்த நிலையில்தான் அவர் பெரியவருக்குக் கர்சர் சாட் சொல்லிக்கொடுத்தார்.

தெரியாதவர்கள் யாராவது இருந்தால்: சாய்கோட்டு விசையை அழுத்தினால் நம் கர்சரோடு ஒரு சின்னப் பேச்சுக்குமிழி வரும். அதில் அடிப்பது எழுத்தெழுத்தாக எல்லோருக்கும் தெரியும். கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் குமிழி தானாக மறைந்துவிடும். பொன்னான வசதி, ஆனால் அடித்து அழிப்பதும் எல்லோருக்கும் தெரியும் என்பதைப் பெரியவருக்கு யாரும் சொல்லவில்லை. போன வாரம் அவர் "இந்த டிசைன் ரொம்ப சு" என்று அடித்துவிட்டு நின்றார். சுமாரா? சுத்த மோசமா? ஜூனியர் பையன் மூச்சுவிடவில்லை. 'சு' அழிந்தது. மறுபடி 'சு' வந்தது. மேனேஜர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். கடைசியில் "சுருக்கமா இருக்கு" என்று முடித்தார். அது பாராட்டா புகாரா என்று இன்றுவரை எங்களுக்குள் விவாதம் நடக்கிறது.

அம்மா இதையெல்லாம் என் நாற்காலிக்குப் பின்னால் உட்கார்ந்து பார்ப்பாள். சீரியல் பார்ப்பதை ஏறக்குறைய விட்டுவிட்டாள். கோப்பில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறக் கர்சர், கூடவே பெயர் என்பது அவளுக்கு மிகவும் வசதியாகப் போய்விட்டது. "அந்தப் பச்சை ஏன் ரொம்ப நேரமா அசையாம நிக்குது? பாவம், சாப்பிடப் போயிருக்கும்" என்பாள். பச்சை என்பது எங்கள் டெவலப்பர். அவன் சாப்பிடப் போகவில்லை, வேறு டேபில் இன்டர்வியூவுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறான். அதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை, இங்கேயும் சொன்னதாக வைத்துக்கொள்ளாதீர்கள். மேனேஜர் ஸ்பாட்லைட் போடும் நேரங்கள்தான் அம்மாவுக்குப் பிடிக்காது. அவர் அதை அழுத்தினால், சில நொடிகளில் வேண்டாம் என்று சொல்லாதவர்கள் எல்லோருடைய திரையும் அவர் பின்னாலேயே போய்விடும். அவர் திரையை உருட்டும் வேகத்துக்கு அம்மாவுக்குத் தலை சுற்றும். "இந்த ஆளை மெதுவா ஓட்டச் சொல்லுடா!"

சரி, நேற்றைய கதைக்கு வருகிறேன்.

பெரியவர் வந்தார், ஊதா நிறத்தில். நேராகக் காம்பொனென்ட் பக்கத்துக்குப் போய் அந்தப் பட்டனின் மெயின் காம்பொனென்ட்டைப் பிடித்து அப்படியும் இப்படியும் இழுத்துப் பார்த்தார். "இது இன்னும் கொஞ்சம் மென்மையா இருக்கணும்" என்று குமிழியில் அடித்தார். எப்போதும் சொல்வதுதான். எப்படி மென்மை, எங்கே மென்மை என்று கேட்டால் "உங்களுக்கே தெரியும்" என்பார். அப்புறம் குமிழி மறைந்தது, பட்டன் செலக்ட் ஆனபடியே இருந்தது. "10 மணிக்கு இன்னொரு மீட்டிங் இருக்கு" என்று சொல்ல நினைத்தாராம். குமிழி இருப்பதாக நினைத்து 10 என்று அடித்தார். அதற்குள் போன் வந்துவிட்டது, எழுந்து போய்விட்டார்.

ஃபிக்மாவில் எதையாவது செலக்ட் செய்துகொண்டு எண் விசையைத் தட்டினால் அதன் ஒபாசிட்டி, அதாவது எவ்வளவு அழுத்தமாகத் தெரியும் என்பது, மாறும். 5 தட்டினால் 50 சதவீதம், 0 தட்டினால் முழுசு, இரண்டு இலக்கங்களை வேகமாகத் தட்டினால் சரியாக அந்த எண். பெரியவர் வேகமாகத் தட்டுவார், பழைய டைப்ரைட்டர் கை. பட்டன் பத்து சதவீதமானது. அது மெயின் காம்பொனென்ட் ஆகையால் அதன் இன்ஸ்டன்ஸ், அதாவது நகல், எங்கெங்கே இருந்ததோ அங்கெல்லாம், கோப்பு முழுக்க, ஒவ்வொரு ஸ்க்ரீனிலும் பட்டன்கள் ஒரே நேரத்தில் ஆவியாகின.

"கண்ட்ரோல் இசட்! யாராவது கண்ட்ரோல் இசட் போடுங்க!" என்று மேனேஜர் அலறினார்.

இதுதான் அந்த மீட்டிங்கின் உச்சம். பலர் சேர்ந்து வேலை செய்யும் கோப்பில் ஒருவர் போடும் கண்ட்ரோல் இசட் அவர் செய்ததை மட்டும்தான் பின்வாங்கும், அடுத்தவர் செய்ததைத் தொடாது. இதை மேனேஜரே அவர் எடுத்த வகுப்பில் சொல்லியிருக்கிறார். ஆனால் அலறும் நேரத்தில் யாருக்கு வகுப்பு ஞாபகம் வரும்? எல்லோரும் போட்டார்கள். பட்டன் வரவில்லை என்பதால் மறுபடி மறுபடி போட்டார்கள். ஜூனியர் பையன் காலையிலிருந்து கட்டிய ஆட்டோ லேஅவுட் ஒவ்வொரு படியாகக் கலைந்தது. ஐகான் வரையும் பெண்ணின் ஐகான்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. மேனேஜர் எப்போதோ மாற்றிய தலைப்பு பழைய எழுத்துப்பிழைக்குத் திரும்பியது. பட்டன் மட்டும் பத்து சதவீதத்தில் கல்லுப்பிள்ளையாராக நின்றது. அதைத் திருப்பிக் கொண்டுவரக்கூடிய ஒரே கண்ட்ரோல் இசட் பெரியவரிடம் இருந்தது. பெரியவர் போனில் இருந்தார்.

"வெர்ஷன் ஹிஸ்டரிக்குப் போய்ப் பழசை ரெஸ்டோர் பண்ணு" என்று அடுத்த ஆணை. பண்ணலாம், ஆனால் கோப்பு முழுதும் அந்த நேரத்துக்குப் போய்விடும், ஜூனியர் மிச்சம் வைத்திருந்த வேலையும் சேர்ந்து போகும் என்றேன். "வெர்ஷன் பட்டியல்ல அது பத்திரமாத்தான் இருக்கும்" என்றார் மேனேஜர். "அண்ணா, வேண்டாம்ணா" என்றான் ஜூனியர். நடுவில் பச்சைக்குத் திடீரென்று உயிர் வந்தது. "எல்லாமே டிஸேபிள்ட் ஸ்டேட்டா, அழுத்த முடியாத பட்டனா? இதை டெவ்வுக்கு ரெடின்னு எடுத்துக்கலாமா?"

நான் ஒன்றும் பேசாமல் மெயின் காம்பொனென்ட்டுக்குப் போய் அதைச் செலக்ட் செய்தேன். 0 தட்டினால் கதை முடிந்தது. விரல் விசைக்கு மேலே நிற்கும்போது பெரியவர் குரல்:

"யாரும் தொடாதீங்க!"

போன் முடித்துவிட்டு வந்திருந்தார். "இதைத்தான் நான் இத்தனை நாளா கேட்டேன். மென்மைன்னா இதுதான். யார் பண்ணது? அருமை." மேனேஜர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "டீம் எஃபர்ட் சார்" என்றார்.

நான் விடவில்லை. வெள்ளை எழுத்துக்கும் பின்னணிக்கும் மாறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்கவேண்டும், வெப் அணுகல் விதிகள் சொல்கின்றன, பெரிய எழுத்துக்கே 3-க்கு 1 வேண்டும், இது 1.2-ஐக்கூடத் தொடவில்லை என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். "விதியெல்லாம் சரி தம்பி, அழுத்த வேண்டியவங்க உத்துப் பார்த்து அழுத்துவாங்க" என்றார். மேனேஜர் தலையாட்டினார். நான் படித்த படிப்பு, கட்டிய டிசைன் சிஸ்டம், எழுதிய வழிகாட்டி ஆவணம் (ஒருவரும் திறந்ததில்லை, பார்வையாளர் பட்டியலில் நான் மட்டும்தான் இருக்கிறேன்) எல்லாம் அந்தத் தலையாட்டலில் போயின.

அப்போதுதான் பின்னாலிருந்து அம்மா. என் மைக் திறந்திருந்தது.

"பட்டனே இல்லையேடா, எதை அமுக்கறது?"

மீட்டிங்கில் அமைதி. "யாருங்க அது?" என்றார் பெரியவர்.

"எங்கம்மா சார். மன்னிக்கணும், மியூட்..."

"இருங்க, இருங்க. அம்மா, பட்டன் அங்கதாங்க இருக்கு. நல்லாப் பாருங்க."

"எங்கங்க? உங்க அம்பைக் கொண்டுபோய்க் காட்டுங்க பார்ப்போம்."

ஊதாக் கர்சர் கிளம்பியது. படிவத்தின் அடியில் போய் நின்றது. வலப்பக்கம் நகர்ந்தது. கொஞ்சம் மேலே போனது. திரும்பி வந்தது. அம்மா விடாமல் வழி சொன்னாள். "அங்க இல்லீங்க, கொஞ்சம் முன்னாடி. இல்ல, தாண்டிட்டீங்க. எனக்கே எங்கன்னு தெரியலை, நான் என்னத்தைச் சொல்றது." எழுபதை நெருங்கும் இரண்டு பேர் ஒரு பட்டனைத் தேட, சம்பளம் வாங்கும் நாங்கள் அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தோம். நாங்கள் இதுவரை செய்த எந்தப் பயனர் சோதனையும் இவ்வளவு தெளிவாக அமைந்ததில்லை. கடைசியில் ஊதாக் கர்சர் ஓரிடத்தில் நின்றது. குமிழி வந்தது. எழுத்தெழுத்தாக:

"கண்ணாடி போட்டும் தெரியல"

நான் 0 தட்டினேன். எல்லா ஸ்க்ரீனிலும் பட்டன்கள் பளிச்சென்று திரும்பின. "ஆங், இப்ப தெரியுது" என்றாள் அம்மா. "அம்மாவுக்குத் தெரிஞ்சா எனக்கும் சரி" என்றார் பெரியவர். மாறுபாட்டு விகிதம், விதி, ஆதாரம் எல்லாவற்றோடும் நான் அரை மணி நேரம் முட்டிய சுவர், அம்மாவின் ஒரு வாக்கியத்துக்குத் திறந்துகொண்டது.

எனக்கு அதில் வருத்தமில்லை. கொஞ்சம் பெருமைகூட. அம்மா நேற்று இரவு தூங்கப் போகும்போது, "அந்த ஊதா மனுஷன் பாவம்டா, கண்ணு தெரியலைன்னு சொல்றதுக்கு எவ்வளவு கூச்சப்பட்டிருப்பாரு" என்றாள். கண்புரை ஆபரேஷனுக்கு முன்னால் அவளும் பல மாதம் அப்படித்தான் மறைத்தாள் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைப் பேசவில்லை.

இன்று காலை மேனேஜர் அடுத்த ரிவ்யூவுக்கு அழைப்பு அனுப்பியிருக்கிறார். பெரியவர் கேட்டுக்கொண்டாராம். கட்டாயம் வரவேண்டியவர்கள் பட்டியலில் அம்மா. என் பெயருக்குப் பக்கத்தில் 'விருப்பமிருந்தால்' என்று இருக்கிறது.