வலது சக்கரம் தொட்ட பிறகு

பக்கக் காற்றில் சிறு விமானத்தை இறக்குவது பற்றிச் சொல்கிறேன். ஓடுதளம் 27, அதாவது இறங்கும் திசை 270 பாகை, மேற்கு. காற்று 310 பாகையிலிருந்து, அதாவது வலப்பக்க முன்னாலிருந்து, 14 நாட் (மணிக்குக் கடல் மைல்), திடீரென எகிறும்போது 24. கோணம் 40 பாகை, அதன் சைன் 0.64. ஆக, பக்கவாட்டாகத் தள்ளுவது சாதாரணமாக 9 நாட், எகிறும்போது 15-க்குச் சற்று மேல். மனக்கணக்குக்கு 30 பாகை என்றால் பாதி, 45 என்றால் பத்தில் ஏழு, 60-ஐத் தாண்டினால் முழுக் காற்றும் என்று கொள்ளலாம். எகிறும் வேகத்தை வைத்தே கணக்கிடுங்கள். சக்கரம் தொடும் நொடியில் எது வீசும் என்று யாரால் சொல்ல முடியும்?

செஸ்னா 172 என்ற சிறு பயிற்சி விமானத்தின் கையேட்டில் பக்கக் காற்றுக்கு வரும் 15 நாட் என்பது சோதனைப் பறப்பில் செய்துகாட்டிய அளவு. சட்டத் தடை அல்ல. அதற்காக, புதிதாகக் கற்றவர் அந்த எண்ணைத் துரத்தக் கூடாது.

இறங்கும் வேகத்தோடு எகிறலின் பாதியைக் கூட்ட வேண்டும். இங்கே எகிறல் 24-க்கும் 14-க்கும் உள்ள வித்தியாசமான 10, எனவே 5 நாட். 65-க்குப் பதில் 70. அதற்கு மேல் சேர்த்தால் விமானம் தரையை ஒட்டி மிதந்துகொண்டே போகும். மிதக்கும் ஒவ்வொரு நொடியும் காற்று நம்மை ஒதுக்கித் தள்ளக் கிடைக்கும் நேரம். ஃபிளாப்பும் (இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறக்கும் தகடு) ஓடுதள நீளத்துக்குத் தேவையான அளவு மட்டும் போதும்.

மூக்கைக் காற்றின் பக்கம் திருப்பி வரும் கிராப் முறையைக் கடைசி நொடிவரை வைத்திருப்பவர்கள் உண்டு. கற்பவர்களுக்கு நான் சொல்வது வேறு: 200, 300 அடி உயரத்திலேயே வலது இறக்கையைத் தாழ்த்துங்கள், இடது பெடலை மிதித்து, ரடரால் (வாலின் செங்குத்துத் தகடு) மூக்கை மையக்கோட்டுக்கு நேராக்குங்கள். ஒதுங்குவதை, இறக்கையைச் சாய்க்கும் தகடான ஐலரான் தடுக்கும், மூக்கின் திசையை ரடர் பார்த்துக்கொள்ளும். இரண்டின் வேலையையும் குழப்பாதீர்கள். ரடரை முழுக்க மிதித்தும் மூக்கு நேராகவில்லையா? அந்தக் காற்று இந்த விமானத்துக்கு அதிகம். அது உயரத்திலேயே தெரிந்துவிடுவதுதான் இம்முறையின் பெரிய பலன்.

முதலில் தொட வேண்டியது வலது சக்கரம். பெரும்பாலோர் தவறுவது அதற்கு அடுத்த நொடியில்தான். ‘இறங்கியாயிற்று’ என்று கை தளர்ந்து, ஐலரான் நடுநிலைக்குத் திரும்பிவிடும். இறக்கையில் தூக்குவிசை இன்னும் மிச்சம் இருக்கும். அடுத்த எகிறலில் வலது இறக்கை எழும், விமானம் காற்றை நோக்கித் திரும்பும், சக்கரக் கால்கள் பக்கவாட்டுச் சுமை வாங்கும். வேகம் குறையக் குறைய ஐலரானின் பலமும் குறைகிறது. ஆகவே ஐலரானை இயக்கும் கைப்பிடியை வலப்பக்கம் மேலும் மேலும் திருப்பிக்கொண்டே போக வேண்டும். நிற்கும்போது அது முழுக்கத் திரும்பியிருக்க வேண்டும். 172-இல் முன்சக்கரமும் ரடர் பெடலோடு இணைந்தது. இடது பெடலை மிதித்தபடியே முன்சக்கரத்தை இறக்கினால் விமானம் வெடுக்கென்று இடப்பக்கம் பாயும். முன்சக்கரம் தொடும் தருணத்தில் பெடலை நேராக்குங்கள்.

தரைக்கு அருகே ஓர் எகிறல் விமானத்தைத் தூக்கிவிட்டால் மூக்கை அழுத்தாதீர்கள்; முன்சக்கரம் முதலில் மோதும். மூக்கின் நிலையை மாற்றாமல் கொஞ்சம் பவர் கொடுங்கள். மனம் ஒப்பவில்லையென்றால் முழு பவர், ஃபிளாப் 20 பாகை, மறுபடி ஒரு சுற்று.

ஓடுதளத்தை விட்டு நீங்கிக் கிழக்கே திரும்பி உருளும்போது அதே காற்று பின்னால் இடப்பக்கமிருந்து வரும். அப்போது கைப்பிடியை முன்னே தள்ளி, வலப்பக்கம் திருப்பிப் பிடியுங்கள்.