விடைத்தாளின் ஓரத்தில் இருந்த "எவ்வளவு?"

'நிலைத்த உற்பத்தி' தாளுக்கான முதல் உள்தேர்வில், உற்பத்திக் கழிவையும் எரிசக்திச் செலவையும் குறைக்கும் வழிகளை விளக்கச் சொன்ன வினாவுக்கு, மறுசுழற்சியின் பெருமையை மூன்று பக்கம் எழுதிப் பத்துக்கு மூன்று வாங்கினேன். திருத்தியவர் ஓரத்தில் "எவ்வளவு?" என்று மட்டும் எழுதியிருந்தார். அன்றிலிருந்து எந்தப் பாடத்தையும் ஒரு சிறு கணக்காகப் போட்டுப் பார்க்காமல் விட்டதில்லை.

எனக்கு மிகவும் கைகொடுத்தது, உலோகத் தகட்டிலிருந்து வட்டத் துண்டுகளை வெட்டும் கணக்கு. வரைபடத்தாளில் ஒரு நாணயத்தை வைத்துச் சுற்றிச் சுற்றி வரைந்தேன். வட்டங்களை நேர்வரிசைகளாக அடுக்கினால், இடையில் விடவேண்டிய ஓரத்தைக் கழிக்காமலே, பரப்பில் 78.5 விழுக்காடுதான் பயன்படுகிறது. அடுத்த வரிசையை அரை வட்டம் நகர்த்தித் தேன்கூடுபோல் அமைத்தால் அது 90.7 விழுக்காடாகிறது. பொருளும் எந்திரமும் மாறவில்லை. வரைபடம் மட்டுமே மாறியது. ஆனால் தகடு குறுகலாக இருந்தால் விளிம்பில் வீணாகும் அரையிடங்கள் இந்த ஆதாயத்தைத் தின்றுவிடும் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். சூத்திரத்தைவிட அந்த ஒரு வரிக்குத்தான் மதிப்பெண் கூடுகிறது என்பது என் கணிப்பு.

மீந்த ஸ்கிராப் உலைக்குத்தானே போகிறது, அதில் என்ன நட்டம் என்று என்னைப்போலவே நீங்களும் கேட்கலாம். தாதுவிலிருந்து அலுமினியம் எடுப்பதற்கான ஆற்றலில் ஏறத்தாழ 5 விழுக்காடு போதும், அதை மீண்டும் உருக்க. எனினும், அந்தத் துண்டைத் தகடாக உருட்டச் செலவழித்த ஆற்றல் திரும்பி வராது.

ஆற்றல் பகுதியில் மின்விசிறி விதியைக் கட்டாயம் போட்டுப் பழகுங்கள். மையவிலக்கு விசிறியின் திறன்தேவை, அதாவது அதை ஓட்டத் தேவையான பவர், வேகத்தின் முப்படிக்கு ஏற்ப மாறுவதால், வேகத்தை 20 விழுக்காடு குறைத்தாலே திறன் 51 விழுக்காட்டுக்கு இறங்குகிறது. நீரை உயரத்துக்கு ஏற்றும் பம்புக்கு இதை அப்படியே பொருத்தினால் விடை தவறிவிடும்.

ஒரு பொருள் மூலப்பொருளாக இருப்பதிலிருந்து கழிவாகும்வரை சுற்றுச்சூழலைப் பாதிக்கும் அளவைக் கணக்கிடும் வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீட்டில், ஐஎஸ்ஓ 14040 என்ற பன்னாட்டுத் தரநிலை கூறும் நான்கு கட்டங்களை எல்லாரும் மனப்பாடம் செய்கிறார்கள். எந்தப் பயனை அளவாக வைத்து ஒப்பிடுகிறோம் என்று சொல்லும் செயல்பாட்டு அலகில்தான் கோட்டை விடுகிறார்கள். இரண்டு வண்ணப்பூச்சுகளை லிட்டருக்கு லிட்டர் ஒப்பிடக்கூடாது. ஒரு சதுர மீட்டர் சுவரை 20 ஆண்டுகள் காக்க ஒவ்வொன்றும் எவ்வளவு வேண்டும் என்றே ஒப்பிட வேண்டும். வினாத்தாள் அலகைக் கொடுக்காவிட்டால், நீங்களே அதை வரையறுத்து விடையின் முதல் வரியாக எழுதிவிடுங்கள்.